செங்குத்துப் பண்ணைகள்: நகரத்தின் உணவில் அவற்றுக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி இதுதான்: “2030-க்குள் தனக்குத் தேவையான சத்துணவில் 30 விழுக்காட்டைத் தானே விளைவிப்பேன் என்ற இலக்கைச் சிங்கப்பூர் கைவிட்டுவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய செங்குத்துப் பண்ணைகள் வரிசையாக மூடிவிட்டன. அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வீண்தானா? நகரங்களின் உணவுக்கு வேறு வழி என்ன? என் மகள் இந்தத் துறையில் பட்டயப்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?”

தாராளமாக அனுப்பலாம். என்ன படிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கட்டடத்துக்குள் தட்டுகளை அடுக்கி விளக்கொளியில் பயிர் வளர்க்கும் இந்தப் பண்ணைகள் எதைச் செய்ய வல்லவை, எதைச் செய்யவே முடியாதவை என்பது விளங்க வேண்டும். பத்தாண்டுகளாக இவற்றைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை. அடுக்கடுக்காகப் பச்சை இலைகள், ஊதா வெளிச்சம், வெள்ளை அங்கி அணிந்த ஊழியர்கள், “95 விழுக்காடு தண்ணீர் மிச்சம்” என்ற வாசகம். இவ்வளவோடு செய்தி முடிந்துவிடும். மின்கட்டண ரசீதை யாரும் காட்டவில்லை.

முதலில் ஓர் அடுக்கை நெருங்கிப் பார்ப்போம். சிறிய பஞ்சுத் துண்டில் கீரை விதையை வைத்து, ஈரமாகவும் இருட்டாகவும் இரண்டு நாள் விட்டால் முளை வந்துவிடும். பிறகு தட்டு விளக்குக்குக் கீழே போகும். வேர் மண்ணைத் தேடாது. சத்துகள் கரைந்த நீரில் வெள்ளை நூல்களாகத் தொங்கும். அந்த நீரின் அமிலத்தன்மையையும் உப்பின் அளவையும் கருவிகள் இடைவிடாமல் அளந்து, குறைவதை ஊற்றிக்கொண்டிருக்கும். பூச்சி உள்ளே வராததால் பூச்சிமருந்து தேவைப்படாது. ஐந்தாறு வாரத்தில் அறுவடை.

ஆனால் லெட்டூஸ் போன்ற பயிரில், தலை மூடத் தொடங்கும் நேரத்தில் உள்ளிருக்கும் இளம் இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகும். நீரில் கால்சியம் போதுமான அளவு இருக்கும், அப்படியும் கருகும். கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடுதான் ஏறுகிறது. இலை நீரை ஆவியாக வெளியே விட்டால்தான் கீழிருந்து நீர் மேலே இழுபடும். மூடிக் கிடக்கும் குருத்தைச் சுற்றிக் காற்று அசையாமல் ஈரப்பதம் தேங்கினால் ஆவியாதல் நின்றுவிடும். குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராது. ஆகவே ஒவ்வோர் அடுக்கிலும் விசிறி வைத்து, குருத்தின் மேலேயே காற்றை இறக்க வேண்டும். வயலில் காற்று கூலி கேட்காமல் செய்யும் வேலை இது. உள்ளரங்கில் இதற்கும் மீட்டர் ஓடுகிறது.

தண்ணீர்க் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. செடி குடிக்கும் நீரில் மிகப் பெரும் பகுதி இலை வழியாக ஆவியாகிறது. வயலில் அது வானத்துக்குப் போய்விடும். மூடிய அறையில் போக இடமில்லாததால், குளிர்சாதனம் அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்துத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. “95 விழுக்காடு மிச்சம்” என்பதன் பெரும்பகுதி இதுதான். அந்தச் சேமிப்பு உண்மையானது. ஆனால் அது மின்சாரம் கொடுத்து வாங்கிய சேமிப்பு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒப்பீடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்த மாநிலத்தின் யூமா பகுதியில் ஒரு கிலோ லெட்டூஸுக்கு வயலில் சுமார் 250 லிட்டர் நீர் வேண்டும். மண்ணில்லா முறையில் சுமார் 20 லிட்டர் போதும். விளைச்சலும் ஏறத்தாழ பத்து மடங்கு. எரிசக்தி மட்டும் எண்பது மடங்குக்கு மேல். அவர்கள் கணக்கிட்டது வெயிலும் விழும் பசுமைக்குடில்! சூரியனை முழுவதும் மூடிவிட்டு விளக்கை மட்டும் நம்பும் கட்டடத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

இப்போது விளக்குக் கணக்கு. இதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். இன்றைய நல்ல எல்.இ.டி. விளக்கு, ஒரு யூனிட் மின்சாரத்தில் தரும் ஒளியைக் கொண்டு, செடி ஏறக்குறைய பத்து கிராம் உலர்ந்த தாவரப் பொருளை உண்டாக்கும். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்தான். பச்சைக் கீரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஒரு கிலோ கீரையில் உலர்ந்த பொருள் ஐம்பது கிராம்தான். ஆகவே விளக்குக்கு மட்டும் ஐந்து, ஆறு யூனிட் ஆகும். குளிரூட்டல், விசிறி, பம்ப் எல்லாம் சேர்ந்தால் பத்து யூனிட்டை நெருங்கும். சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு யூனிட் 25 காசு (கால் வெள்ளி, அதாவது கால் சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தால், ஒரு கிலோ கீரைக்கு மின்சாரம் மட்டும் இரண்டரை வெள்ளி. வாடகை, சம்பளம், கடன் வட்டி எல்லாம் அதற்கு மேல். உயர்தர சாலட் விலைக்கு விற்க முடிந்தால் தாங்கும். ஈரச்சந்தையில் சாய் சிம் என்ற சாதாரணக் கீரையின் விலைக்கு விற்க வேண்டுமானால் தாங்காது.

அதே கணக்கை அரிசிக்குப் போடுங்கள். அரிசியில் தண்ணீர் மிகக் குறைவு. கிலோவில் பெரும்பகுதி உலர்ந்த பொருள். மேலும், செடியின் எடையில் பாதி வைக்கோலாகப் போய்விடும். ஒரு கிலோ தானியத்துக்கு ஏறத்தாழ 200 யூனிட் விளக்குக்கே வேண்டும். அதே 25 காசுக் கணக்கில் ஒரு கிலோ 50 வெள்ளி! விளக்கு இன்னும் திறமையானாலும் இந்த இடைவெளி அடைபடாது, ஏனெனில் இன்றைய விளக்குகளே இயற்பியல் அனுமதிக்கும் உச்சத்துக்கு வெகு தொலைவில் இல்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, பத்து அடுக்குக் கட்டடத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 700 டன் கோதுமை விளைவிக்க முடியும் என்று மாதிரிக் கணக்கில் காட்டியது. உலகச் சராசரியைப் போல் 220 மடங்கு. அந்த எண் எல்லா இடங்களிலும் மேற்கோளாயிற்று. எரிசக்திச் செலவு காரணமாக இது சந்தையில் போட்டியிட வாய்ப்பில்லை என்று அதே ஆய்வாளர்கள் எழுதிய வரியைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

இதில் என்னை உறுத்துவது பணத்தைவிட நிலம். நிலத்தை மிச்சப்படுத்தத்தானே அடுக்கு கட்டுகிறோம்? ஒரு சதுர மீட்டர் கீரைத் தட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.4 யூனிட் விளக்கு மின்சாரம் வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 0.7 யூனிட் தரும். ஒரு தட்டுக்கு அதன் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தகடு வேண்டும். பத்து அடுக்குக்கு இருபது மடங்கு. குளிரூட்டலை இன்னும் சேர்க்கவில்லை. நிலம் மிச்சமாகவில்லை, வேறோர் இடத்துக்கு மாறியிருக்கிறது. சூரியத் தகடு இல்லையென்றால் அந்தப் பொறுப்பு எரிவாயுவின் தலையில் விழும். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருவது.

“அருகில் விளைவதால் புகை குறைவு” என்ற வாதத்தையும் இந்த இடத்தில் எடைபோட வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் பத்து டன் காய்கறி ஏற்றி வரும் லாரி, வெறுமையாகத் திரும்பும் பயணத்தையும் சேர்த்தால்கூட, கிலோவுக்கு ஏறக்குறைய 40 மில்லி டீசல்தான் எரிக்கும். வெளிவரும் கரியமில வாயு நூறு கிராமுக்குச் சற்று மேல். எரிவாயு மின்சாரம் பத்து யூனிட் என்றால் நான்கு கிலோ. உணவு பயணம் செய்யும் தூரம் நம் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பெரிதாக நினைக்கிறோம். விமானத்தில் வரும் இலைகளின் கணக்கு வேறு; அவற்றோடு செங்குத்துப் பண்ணை தாராளமாகப் போட்டியிடலாம்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இந்த நாடு உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காடு அளவுதான். 2019-ல் “30-க்குள் 30” இலக்கு அறிவிக்கப்பட்டபோது அதற்குப் பின்னால் உண்மையான அச்சம் இருந்தது. அடுத்த ஆண்டே நோய்த்தொற்று வந்து எல்லைகள் மூடியதும், 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் அந்த அச்சம் வீணில்லை என்று காட்டின. அதற்கு முந்தைய ஆண்டு இங்கு வந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்களின் தவிப்பை அப்போது பார்த்த எவரும் அந்த இலக்கு வைத்ததைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அரசு மானியங்களை அள்ளிக் கொடுத்தது. 2020-ல் உற்பத்தியை விரைந்து பெருக்க மூன்று கோடி வெள்ளி. மறு ஆண்டு ஆறு கோடி வெள்ளியில் இன்னொரு நிதி. கார் நிறுத்தக் கட்டடங்களின் மொட்டைமாடிகளைக் கூடப் பண்ணைக்கு ஏலம் விட்டார்கள். ஆனாலும் உள்ளூர்க் காய்கறியின் பங்கு 2022-ல் 3.9 விழுக்காடு, 2023-ல் 3.2, 2024-ல் ஏறத்தாழ 3 என்று இறங்கிக்கொண்டே வந்தது. முட்டை மட்டும் 2023-ல் 31.9 விழுக்காடு, 2024-ல் 34.4 என்று ஏறியது. உள்ளரங்குக் காய்கறிப் பண்ணைகள் சில மூடின. 2025 நவம்பரில் இலக்கு மாற்றப்பட்டது. 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்பது புதிய கணக்கு. இதைத் தோல்வி என்று எழுதிய பலரும் புதிய பட்டியலைக் கவனிக்கவில்லை. நார்ச்சத்து வரிசையில் காய்கறியோடு அவரை முளையும் காளானும் இருக்கின்றன. இரண்டுக்கும் விளக்கு வேண்டாம். முளை, விதைக்குள் ஏற்கெனவே சேமித்த ஆற்றலில் இருட்டிலேயே வளரும். காளான் மரத்தூளையும் வைக்கோலையும் தின்று வளரும். புரத வரிசையில் முட்டையும் மீனும் கடலுணவும். கோழிக்கு வேண்டிய சூரிய ஒளி, வேறு நாட்டில் விளைந்த சோளமாகவும் சோயாவாகவும் கப்பலில் வந்து இறங்குகிறது. நகரத்துக்குள் விளைவிக்கத் தகுந்தது எது என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் விடையும் இதேதான். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

வெளிநாட்டுப் பண்ணைகளின் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் பெர்லினில் தொடங்கிய இன்ஃபார்ம் 2022 இறுதியில் ஆட்களைக் குறைத்து மறு ஆண்டு நொடித்தது. நியூஜெர்சியின் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கோரியது. 2021-ல் 230 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பவரி 2024 நவம்பரில் கதவை மூடியது. ஏறக்குறைய நூறு கோடி டாலர் திரட்டிய பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. பிறகு ஸ்ட்ராபெரிக்குத் திரும்பியது. வட்டி மலிவாக இருந்த ஆண்டுகளில், மென்பொருள் நிறுவனத்தைப் போல் வளரும் என்று நம்பி முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினார்கள். கீரைக்கு அந்த வேக வளர்ச்சி இல்லை. ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கூடுதல் விளக்கு, கூடுதல் குளிரூட்டல், கூடுதல் கை வேண்டும். 2022-ல் உக்ரைன் போரால் மின்கட்டணம் ஏறியது, வட்டியும் ஏறியது. அதற்கு மேல் நிற்க வழியில்லை.

அதே சமயம் ஜப்பானைப் பாருங்கள். ஸ்பிரெட் நிறுவனம் கியோட்டோவுக்கு அருகே கமேயோகாவில் 2007-ல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 21,000 லெட்டூஸ் வரை விளைவிக்கும் அளவுக்கு அமைந்தது. அதை லாபத்துக்குக் கொண்டுவரப் பல ஆண்டு பொறுமையாக உழைத்தார்கள். 2018-ல் நாளுக்கு 30,000 என்ற அளவில் தானியங்கி ஆலையைக் கட்டினார்கள். கூடவே, வாங்கும் கடைச் சங்கிலிகளையும் வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டார்கள். துபாயில் 2022 ஜூலையில் திறந்த புஸ்தானிகா ஆண்டுக்குப் பத்து லட்சம் கிலோவுக்கு மேல் இலைக் காய்கறி தரும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே நன்னீர் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. விளைச்சலை வாங்க எமிரேட்ஸ் விமான உணவுக் கூடம் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே 45 பாகை வெப்பத்தில் கீரை வாடும் ஊரில் இந்தக் கணக்கு வேறு மாதிரி விழும். தண்ணீர் மிக அரிதாக, வாங்குபவர் உறுதியாக, பயிர் இலையாக இருந்தால் செங்குத்துப் பண்ணை நிற்கும். மூன்றில் இரண்டு இல்லாத இடத்தில் மானியம் தீரும் வரைதான் ஆயுள்.

வெயிலை விடாமல் அடுக்கு கட்டும் வழியும் உண்டு. 2012-ல் சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் விற்பனையைத் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் பண்ணையில் ஒன்பது மீட்டர் உயர அலுமினியச் சட்டத்தில் தொட்டிகள் மெதுவாகச் சுழன்று, முறை வைத்து வெயிலையும் நீரையும் பெற்றன. நீரின் எடையே சுழற்சிக்கு உதவியதால் ஒரு கோபுரத்துக்கு ஒரு குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரமே போதும் என்றார்கள். அங் மோ கியோவில் 2019-ல் கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல் தொடங்கிய சிட்டிபோனிக்ஸும் வெயிலை நம்பியதுதான். வெப்பமண்டல நகரத்துக்கு இந்த வழி பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு நிலத்தின் மேல் விழும் வெயிலுக்கு மேல் அந்த நிலத்தில் விளைச்சல் எடுக்க முடியாது என்ற வரம்பு இதற்கும் உண்டு. கோபுரங்களை நெருக்கினால் ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழும். ஆனால் செலவு கைக்குள் அடங்கும்.

“வேறு வழி என்ன” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பு. சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்புநிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002-ல் சேர்ந்தது. நகரத்தின் கழிவுநீர் கால்வாய்களில் வந்து, பேரி என்று அவர்கள் அழைக்கும் ஆழமில்லாத குளங்களில் பரவுகிறது. வெயிலில் பாசி பெருகுகிறது. பாசி கழிவின் சத்தை உண்கிறது. மீன் பாசியை உண்கிறது. மீன் அன்றன்றைக்கு நகரச் சந்தைக்குப் போகிறது. பக்கத்திலுள்ள தாபா என்ற பகுதியின் நிலங்களில், பழைய குப்பை மக்கிய மண்ணில் காய்கறி. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தின்னும் மின்சாரம் இங்கே தேவைப்படவில்லை. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் வாழ்நாளையே கொடுத்து இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆபத்தைக் கண்காணிக்க வேண்டும். வீட்டுமனை வியாபாரம் ஓரங்களை அரித்துக்கொண்டே இருக்கிறது. இருந்தும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரத்துக்குப் பக்கத்தில் இது இன்றும் வேலை செய்கிறது. கண்ணாடிக் கோபுரத்துக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்கு இந்தக் குளங்களுக்குக் கிடைத்தால் நகரங்களின் உணவுத் திட்டமே வேறாக இருக்கும். நகரத்தை ஒட்டிய வயலையும் ஏரியையும் மனையாக்கிவிட்டு, பிறகு கிடங்குக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்ப்பது, இருந்ததை அழித்து இல்லாததை விலைக்கு வாங்கும் வேலை. நிலம் மிச்சம் இருக்கும் நகரங்கள் முதலில் அந்த விளிம்பைச் சட்டம் போட்டுக் காக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதனால்தான் 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாங்குவதும், அரிசியைக் கையிருப்பு வைப்பதும், கொஞ்சம் உள்ளூரில் விளைவிப்பதும் எனப் பல கால்களில் நிற்கிறது. அந்தப் பரவலே அதன் உண்மையான பாதுகாப்பு.

செங்குத்துப் பண்ணைக்கு இன்னும் இரண்டு நல்ல வேலைகள் இருக்கின்றன. ஒன்று நாற்று. முதல் இரண்டு, மூன்று வாரம் செடி சிறியது. ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கில் அடங்கும். செடிக்கு ஆகும் மின்சாரமும் சொற்பம். நோயற்ற, ஒரே சீரான நாற்றை அறையில் வளர்த்து வயலுக்கோ பசுமைக்குடிலுக்கோ அனுப்பினால் விவசாயிக்கு மிகப் பெரிய உதவி. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இது சத்தமில்லாமல் நடக்கிறது. இன்னொன்று விதை ஆராய்ச்சி. கோதுமைக்கு நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கு காட்டி ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறை ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அறைக்குள் தேர்ந்த விதை வெளியே பல லட்சம் ஹெக்டேரில் வெயிலில் விளையும். அரிசி, கோதுமைக்கு விளக்கொளி உதவக்கூடிய சரியான இடம் அதுதான்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். “நகர்ப்புற விவசாயம்” என்ற பெயரைப் பார்த்து மட்டும் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, செடி எப்படி ஒளியைப் பிடிக்கிறது, நீரை எப்படி இழுக்கிறது என்ற பயிர் உடலியல் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். குளிரூட்டலும் ஈரப்பத நீக்கமும் பாடமாக இருக்க வேண்டும். இன்று இயங்கும் பண்ணைகளில் பற்றாக்குறையான திறமை அதுதான். கடல்மீன் வளர்ப்பும் காளானும் விருப்பப் பாடமாக இருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு ஏதாவது ஒரு பண்ணைக்குப் போகும்போது, “ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்?” என்று முதல் நாளே கேட்கட்டும். எண்ணைச் சொல்லக்கூடிய பண்ணையில் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். சொல்ல மறுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை வேண்டாம்.